விரையான், வெகுளான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்லாசிரியருக்கு இருக்க வேண்டிய தகுதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். பாட அறிவு, பயிற்சிப் பட்டம், கணினித் திறன், தேர்ச்சி விழுக்காடு எனப் பலவற்றைக் குறித்தும் அக்கறையோடு எழுதியிருந்தார்கள். அவற்றில் எதையும் நான் மறுக்க வரவில்லை. ஆனால் அத்தனை எழுத்திலும் ஆசிரியரின் மனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது. 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததையும், தெரிந்துகொள்ளத் தாமதமானதையும் எழுதலாம் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

நம் மொழியில் இந்தக் கேள்வி புதியது இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் விளக்கும் இலக்கண நூல். ஆனாலும் எழுத்துக்கு வருவதற்கு முன்பே, பாயிரம் என்னும் முன்னுரையில், யார் கற்பிக்கலாம், யார் கற்பிக்கத் தகாதவர், எந்த மனநிலையில் கற்பிக்க வேண்டும் என்பவற்றை அது வரிசையாகச் சொல்லிவிடுகிறது. நல்லாசிரியரின் இலக்கணத்தைச் சொல்லும் நூற்பாவில் குலன், அருள், தெய்வங்கொள்கை, மேன்மை ஆகியவை முன்னே நிற்கின்றன. கலைபயில் தெளிவும் கட்டுரை வன்மையும், அதாவது பாட அறிவும் அதை எடுத்துச் சொல்லும் ஆற்றலும், அவற்றுக்குப் பிறகே வருகின்றன. நாம் இன்று முதலில் கேட்பதை அந்த முனிவர் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வைத்திருக்கிறார். மாணவனாக அதை மனப்பாடம் செய்தபோது இந்த வரிசை என் கண்ணில் படவில்லை. பணியில் பாதிக் காலம் கழிந்த பிறகே பட்டது.

அந்தப் பட்டியலின் முதற்சொல்லை நான் ஏற்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறப்பால் வரும் தகுதி எதுவும் கற்பித்தலுக்குத் தேவையில்லை. தமிழ்க் கல்வி வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. சைவ மரபில் ஊறிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) உ.வே.சாமிநாதையரும் படித்தார், கிறித்தவரான சவராயலு நாயகரும் படித்தார், இசுலாமியரான குலாம் காதிறு நாவலரும் படித்தார். கற்க வந்தவரின் ஆர்வம் ஒன்றையே கண்ட மனம் அது. ஆகவே 'குலன்' என்ற சொல்லை மரியாதையோடு விலக்கிவிட்டு, அடுத்த சொல்லான 'அருள்' என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அருள் என்றால் இரக்கம் என்று மட்டும் பொருள்கொள்வது போதாது. வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுபோல நேசிப்பது சொல்லுக்கு எளிது. அழகாகப் பேசும் குழந்தையிடமும், சொன்னதை உடனே பிடித்துக்கொள்ளும் குழந்தையிடமும் மனம் தானாகவே சாய்கிறது. அருள் அந்தச் சாய்வுக்கு எதிரான பயிற்சி. நம்மை எரிச்சலூட்டும் குழந்தை, பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கும் குழந்தை, நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்ட குழந்தை ஆகியோரிடம் நம் குரல் எப்படி இருக்கிறது என்பதில்தான் அது தெரியும்.

நன்னூலில் பாடம் சொல்லும் முறையை விளக்கும் நூற்பாவில் இரண்டு சிறு சொற்கள் இருக்கின்றன: விரையான், வெகுளான். அவசரப்படாதவன், சினம் கொள்ளாதவன். அதையடுத்து, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கேட்பவன் எப்படி ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, கோணலற்ற மனத்தோடு கொடுக்க வேண்டும் என்று வருகிறது. ஆசிரியரின் அகத்தகுதி முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் துணிபு. மற்ற நற்குணங்கள் பலவும் இவற்றிலிருந்தே கிளைக்கின்றன.

அவசரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், அல்லது வேறொருவரிடம் போனார்கள், அல்லது தாமே பதிலைச் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கும் நேரத்தை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்கள் பேசினார்கள், பதிலே இல்லாமல் போவது குறைந்தது. அவர் கண்டவற்றுள் என்னைத் தலைகுனிய வைத்தது ஒன்று உண்டு. நன்றாகப் படிப்பவர்கள் என்று தாங்கள் கருதிய மாணவர்களுக்கு ஆசிரியர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், பின்தங்கியவர்கள் என்று கருதியவர்களுக்கோ குறைவாகவே காத்திருந்தார்கள். யாருக்கு நேரம் கூடுதலாகத் தேவையோ அவருக்கே அது மறுக்கப்பட்டது. இதை எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். 'இவனிடமிருந்து வராது' என்ற தீர்ப்பை உள்ளே எழுதிவிட்ட மனம், தன்னையறியாமலே அடுத்த பெயருக்குத் தாவிவிடுகிறது.

மூன்று நொடி மௌனம் என்பது கேட்பதற்குச் சிறியது. வகுப்பின் முன் நின்று பார்த்தவருக்கே அதன் நீளம் தெரியும். நாற்பது, ஐம்பது முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அமைதி நம் திறமையின்மையை அம்பலப்படுத்துவது போலத் தோன்றும், உடனே எதையாவது பேசி அதை மூடத் தோன்றும். அப்போது பேசாமல் நிற்பதற்கு, தன்னைப் பற்றிய கவலையைச் சற்று ஒதுக்கி வைக்கத் தெரிய வேண்டும். ஆன்மிகத் தகுதி என்று நான் சொல்வது இதைத்தான். அது நெற்றியிலோ கழுத்திலோ அணிவதில் இல்லை. தெய்வங்கொள்கை என்று நன்னூல் சொல்வதை இறைநம்பிக்கையுள்ள நான் என் வழியில் புரிந்துகொள்கிறேன். எதிரில் இருக்கும் குழந்தை என் உடைமை இல்லை, என் பெருமைக்கான கருவியும் இல்லை, என்னிலும் பெரிய ஒன்று அதனிடம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற உணர்வே அது. கடவுளை நம்பாத ஆசிரியர்கள் சிலரிடம் இந்த உணர்வை என்னிலும் ஆழமாகக் கண்டு வியந்திருக்கிறேன்.

இனி, வெகுளாமை. யார் ஆசிரியராகத் தகாதவர் என்பதைச் சொல்லும்போது நன்னூல் அழுக்காறு, அவா, வஞ்சம் ஆகியவற்றோடு 'அச்சம் ஆடல்' என்ற ஒன்றையும் சேர்க்கிறது. கேட்பவர் அஞ்சும்படி பேசுதல் என்று அதற்கு உரை சொல்வார்கள். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார் என்ற பழமொழியை நம்பிப் பிரம்பை நியாயப்படுத்துகிறவர்கள், அச்சமூட்டும் பேச்சையே ஒரு தகுதிக்குறைவாக இலக்கண நூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குறித்துவிட்டதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் பள்ளிப் பருவத்தில் எனக்குக் கணிதம் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண் எப்படி வருகிறது என்று வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "எனக்கு விதி தெரியும், காரணத்தை உனக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை" என்றார். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் அந்தக் கேள்வியைத் தேதியோடு எழுதிக் கட்டம் போட்டார். மூன்று நாட்கள் யாரும் அதை அழிக்கக் கூடாது என்றார். நான்காம் நாள் வந்து, 3, 2, 1, 0 என்று ஒவ்வொன்றாகக் குறையும் எண்களை −2 ஆல் பெருக்கிக் காட்டினார். −6, −4, −2, 0 என்று விடைகள் இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே வந்தன. அடுத்த படியில் −1 ஐ −2 ஆல் பெருக்கினால் என்ன வர வேண்டும் என்று கேட்டார். வகுப்பே சேர்ந்து "இரண்டு" என்றது. பிறகு என்னைப் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தி, "இந்தப் பாடம் இவன் கேட்டதால் வந்தது" என்றார். நான் கணித ஆசிரியனானது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவரிடம் படித்த நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். பின்னங்களின் வகுத்தலை நடத்திக்கொண்டிருந்தேன். 6 ஐ 1/2 ஆல் வகுத்தால் 12 என்று எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "வகுத்தால் குறையத்தானே வேண்டும் சார், இது ஏன் கூடுகிறது?" என்று கேட்டான். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். ஏன் என்பதற்கு அந்த நொடியில் என்னிடம் பதில் இல்லை. "கேள்வி கேட்கிற நேரத்தில் நாலு கணக்குப் போடு, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு நாட்களில் எனக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. 6 மீட்டர் கயிற்றை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டுகள் கிடைக்கும் என்று கேட்டால் போதும், துண்டு சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கை கூடும் என்பதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் வகுப்பில் அதைச் சொன்னேன், எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அது அந்த மாணவனின் கேள்வியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அன்று அவனிடம் எனக்குக் கோபமே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன். எனக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் கோபத்தின் குரலில் பேசியது. ஆசிரியர்களின் சினத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பயம்தான் என்று இப்போது நம்புகிறேன். ஆகவே சினத்தை அடக்குங்கள் என்று அறிவுரை கூறுவதால் பெரிய பயன் இல்லை. 'தெரியாது' என்று சொல்லும் துணிவை ஓர் ஆசிரியர் பெற்றுவிட்டால் சினத்துக்கு வேலை குறைந்துவிடும்.

தகாத ஆசிரியருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளும் மனத்தைத் தைப்பவை. மடற்பனை என்று ஒன்று. மட்டைகள் சூழ்ந்த பனைமரத்தில் யாராலும் ஏறிப் பழம் பறிக்க முடியாது, அதுவாக உதிர்த்தால் உண்டு. அணுக விடாமல், தமக்குத் தோன்றும்போது மட்டும் கொடுக்கும் ஆசிரியர்கள் அந்தப் பனையைப் போன்றவர்கள். கழற்சிக்காய் நிரப்பிய குடம் என்று இன்னொன்று. போட்ட வரிசையில் காய் வெளியே வராதது போல, கற்ற முறை ஒன்றாகவும் கற்பிக்கும் முறை வேறாகவும் இருப்பவர்களுக்கு அது உவமை. பல தேர்வுகளில் வென்று வந்த இளம் ஆசிரியர்கள் சிலர் இந்தக் குடத்தைப் போல எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நல்லெண்ணம் இருந்தது, நிதானம் இல்லை.

அழுக்காறு பட்டியலில் இருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாணவனிடம் ஆசிரியருக்குப் பொறாமையா? உண்டு. தன்னை மிஞ்சும் மாணவனைக் கண்டதும் உள்ளே எழும் மெல்லிய கசப்பை உணர்ந்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்த ஐசக் பாரோ, 1669இல் தம் இளம் சக அறிஞர் ஒருவரின் கையெழுத்துப் படியை இலண்டனில் இருந்த கணிதர் ஜான் காலின்சுக்கு அனுப்பி, அவருடைய அசாதாரண மேதைமையைப் புகழ்ந்தார். அதே ஆண்டில் தம் பதவியிலிருந்து விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர், பாரோ பரிந்துரைத்த அதே இளைஞர், 26 வயது நியூட்டன். பாரோவுக்கு இறையியலில் இருந்த நாட்டமும் விலகலுக்குக் காரணம் என்பதால் இதை வெறும் தியாகக் கதையாக்க வேண்டாம். ஆனாலும் தம்மை விஞ்சியவரை அடையாளம் கண்டு உரக்கச் சொன்ன மனம் அரியது. தனக்கு இன்பம் தரும் கல்வி உலகுக்கும் இன்பம் தருவதைக் கண்டு கற்றறிந்தவர் மேலும் அதை விரும்புவர் என்று திருக்குறள் சொல்வது இந்த மனத்தைத்தான்.

பொறுமைக்கு எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த எடுத்துக்காட்டு ஆன் சல்லிவன். 1887 மார்ச் 3 அன்று, பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த ஏழு வயது நிரம்பாத எலன் கெல்லரின் வீட்டுக்கு அவர் ஆசிரியையாக வந்தபோது அவருக்கு வயது 20. கண்நோயால் பார்வை கெட்டவர், ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர், தம்பியை அங்கேயே பறிகொடுத்தவர். ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாகச் சொற்களை உணர்த்திக்கொண்டே இருந்தார். சிறுமி விரலசைவைத் திரும்பச் செய்தாளே ஒழிய, அது ஒரு பொருளின் பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 5 அன்று, நீரிறைக்கும் குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் வழிய, மறு கையில் 'தண்ணீர்' என்ற சொல் எழுதப்பட்டபோது அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்த ஏப்ரல் 5 ஐப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அதற்கு முந்தைய நாட்களைப் பற்றியே அதிகம் நினைக்கிறேன். பலன் தெரியாத ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த இளம்பெண் மீண்டும் அந்தக் கையைப் பிடித்திருக்கிறார். அதன் பிறகு 1936இல் தாம் இறக்கும் வரை, 49 ஆண்டுகள், அந்த மாணவியோடேயே இருந்தார். மழை பொய்த்தாலும் வளம் தருவது மலையின் இயல்பு என்று நல்லாசிரியருக்கு மலையை உவமை சொன்ன நன்னூல் நூற்பாவை இவருக்காகவே எழுதியது போலப் படிக்கலாம்.

இவற்றைப் பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பயிற்சியால் வரும், எனக்கே ஓரளவு வந்தது. வகுப்புக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சைச் சீராக்கிக்கொள்வேன். முந்தைய வகுப்பின் எரிச்சல் அடுத்த வகுப்பின் குழந்தைகள் மேல் விழக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்யத் தொடங்கினேன். இரவில் படுக்கும் முன் வருகைப் பதிவேட்டின் வரிசையை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். இன்று எந்தப் பெயரை நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்று தேடுவேன். முதல் சில வாரங்கள் அதிர்ச்சியாக இருந்தது. ஏறத்தாழ அதே ஏழெட்டுப் பெயர்கள் ஒவ்வோர் இரவும் விடுபட்டன. மறுநாள் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குவேன். இதற்கு எந்தப் பயிலரங்கும் தேவைப்படவில்லை.

அதே நேரத்தில், ஆசிரியர்களிடம் முனிவர்களின் குணங்களை எதிர்பார்த்துவிட்டு அவர்களைக் கணக்கப்பிள்ளைகளாக நடத்துவது பெரிய அநீதி என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். குறித்த தேதிக்குள் பாடப்பகுதியை முடித்தாக வேண்டும், அத்தனை படிவங்களையும் நிரப்பியாக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் துரத்தப்படுகிறவரால் 'விரையான்' ஆக எப்படி இருக்க முடியும்? அவமதிப்புக்கு ஆளாகும் ஆசிரியர் அதை அடுத்த மணியில் குழந்தைகளிடம் இறக்கிவைப்பார், அது மனித இயல்பு. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அருளை அளக்க அளவுகோல் கிடையாதுதான். ஆனால் புதிதாக வருகிறவரை ஓர் ஆண்டாவது பண்பட்ட மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் உட்கார வைத்துப் பார்க்கச் செய்யலாம். பொறுமையை விரிவுரையால் ஊட்ட முடியாது, பொறுமையுள்ள ஒருவரின் அருகில் இருந்தால் தொற்றிக்கொள்ளும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இதழை நடத்துபவரையும் ஆசிரியர் என்றே அழைக்கும் மொழி நம்முடையது, அந்த உரிமையில் கேட்கிறேன். குழந்தைகள் வகுப்பில் கேட்டு, ஆசிரியர்களால் உடனே பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை வாரம் ஒன்றாவது வெளியிடுங்கள். கேள்வி குழந்தையுடையது என்ற குறிப்போடு ஆசிரியர்களே அவற்றை அனுப்பட்டும், பதிலைப் பிறகு எல்லோருமாகத் தேடலாம். அந்தப் பகுதிக்கு முதல் கேள்வியை இந்தக் கடிதத்திலேயே எழுதி அனுப்புகிறேன்: வகுத்தால் குறைய வேண்டியது, அரையால் வகுத்தால் ஏன் கூடுகிறது? இது என் மாணவன் ஒருவன் கேட்டது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்